குறையே குருவாகக் கொண்டவர்

குளிர்காலத்து வைகறைப் பொழுது. பனி படர்ந்த சாலையோரத்தில் லாரி ஒன்று நிற்கின்றது. ஓட்டுநர் ஏறி அமர்ந்து சாவியைத் திருப்புகின்றார். ஆயினும் எந்திரத்தை உடனே சுழற்றவில்லை. எதிரிலுள்ள பலகையில் ஒளிரும் சிறு விளக்கொன்று அணையும்வரை பொறுத்திருக்கின்றார். அது அணைந்த பின்னரே எந்திரத்தைச் சுழற்றுகின்றார். எந்திரம் உறுமி எழுகின்றது. அவ்வாறு எழாமல் வெண்புகையைக் கக்கித் திணறுமாயின், கைதேர்ந்த தொழிலாளர் முதலில் ஐயுறுவது விரலளவே உள்ள ஒரு சிறு உறுப்பையாகும். அதனை நூலோர் குளோ பிளக் என்பர். பட்டறைகளில் ஹீட்டர் பிளக் என்றே வழங்குவர்.

பெட்ரோல் எந்திரத்தில் தீ மூட்டுவது மின்சாரத் தீப்பொறி. லாரியின் டீசல் எந்திரத்திலோ தீப்பொறி இல்லை. உருளையினுள் அடைபட்ட காற்று பெரிதும் அமுக்கப்படுகின்றது. அமுக்கப்பட்ட காற்று கொதிப்பேறுகின்றது. அக்கொதிப்பில் எரிபொருள் தூவப்பட்டதும் தானே தீப்பற்றுகின்றது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது குழாயின் அடிப்பகுதி சுடுவதை அறியாதார் இலர். அச்சூட்டினுள் ஒரு பேராற்றல் ஒளிந்திருப்பதைக் கண்டு, அதனை எந்திரமாக்கி உலகிற்கு அளித்தவர் ருடால்ப் டீசல். தம் பெயரே எந்திரத்திற்கும் எண்ணெய்க்கும் பெயராகி வழங்கும் பேறு பெற்றவர் அவர். எனினும் அப்புகழ் எளிதில் எய்தியதன்று. குறை ஒன்றைக் காண்பதும், அதன் காரணத்தை ஆராய்வதும், களைவதும், மீண்டும் புதுக்குறை காண்பதுமாகவே அவர்தம் வாழ்நாள் கழிந்தது.

இளமையும் கல்வியும்

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் தியோடர் டீசல், ஜெர்மனி நாட்டு ஆக்ஸ்பர்க் நகரைச் சார்ந்தவர்; நூல்களுக்குக் கட்டடம் கட்டும் தொழிலும் தோல்வேலையும் அறிந்தவர். குடும்பம் செல்வ வளம் உடையதன்று. ஆயினும் மகனுக்கு அறிவு வளம் இயல்பாகவே அமைந்திருந்தது.

1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர் பலர் அந்நகரை விட்டு நீங்க நேர்ந்தது. டீசல் குடும்பமும் வாழ்ந்த வீட்டையும் செய்த தொழிலையும் துறந்து இலண்டன் மாநகர் சேர்ந்தது. அங்கும் வறுமையே வரவேற்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய ருடால்பைப் பெற்றோர் ஆக்ஸ்பர்க்கிலிருந்த உறவினரிடம் அனுப்பினர். அவ்வுறவினர் அந்நகரின் தொழிற்பள்ளியில் கணக்கு ஆசிரியராக விளங்கினார். பெற்றோரைப் பிரிந்த துயரைச் சிறுவன் கல்வியில் கரைத்தான். 1873இல் பள்ளிப் படிப்பை முதல் மாணவனாய் முடித்தான். தாம் ஒரு பொறியாளர் ஆதல் வேண்டும் என்னும் உறுதி அவ்விளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

மகன் விரைவில் வேலைக்குச் சென்று பொருளீட்ட வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். குடும்ப நிலை அத்தகையது. ஆயினும் 1875இல் மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தது. டீசல் அதனை ஏற்று மேற்கல்வியைத் தொடர்ந்தார். அக்கல்லூரியில் வெப்பவியல் கற்பித்தவர் கார்ல் லிண்டே என்னும் பேரறிஞர். எந்திரத்தால் குளிர் உண்டாக்கும் கலையில் வல்லவர்.

அந்நாளில் உலகத்துத் தொழிற்சாலைகளை இயக்கியது நீராவி எந்திரம். நிலக்கரி எரிந்து தரும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே அவ்வெந்திரத்தால் பயன்மிக்க உழைப்பாக மாறுகின்றது என்றும், எஞ்சிய தொண்ணூறு பங்கும் வீணே கழிகின்றது என்றும் லிண்டே வகுப்பில் விளக்கினார். பிறர் இதனைத் தேர்வுக்குரிய செய்தியாகக் குறித்துக்கொண்டனர். டீசலோ இதனைத் தம் வாழ்நாட் பணியாகக் குறித்துக்கொண்டார். உலகமே போற்றிய ஓர் எந்திரத்தில் அவர் கண்ட முதற் குறை இதுவே.

1879இல் தேர்வுக் காலத்தில் குடற்காய்ச்சல் அவரைத் தாக்கியது. தேர்வு தள்ளிப் போயிற்று. அவ்விடைக்காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலுள்ள சுல்சர் தொழிற்சாலையில் கைப்பயிற்சி பெற்றார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தேர்வெழுதி மிக உயர்ந்த சிறப்புடன் வென்றார். பின்னர்த் தம் ஆசிரியரின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பணியேற்றுப் பாரிஸ் சென்றார். 1883இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். 1890இல் பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார். பகலில் அலுவலகப் பணி. ஓய்வில் எந்திர ஆராய்ச்சி. இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தன.

எண்ணம் உருவெடுத்தல்

வெப்பம் வீணாகாத எந்திரம் ஒன்று வேண்டும். அதற்கு நெருப்பை வெளியே மூட்டி நீரைக் கொதிக்க வைத்தல் கூடாது. உருளையினுள்ளேயே எரிபொருள் எரிதல் வேண்டும். காற்றை எவ்வளவு அமுக்குகின்றோமோ அவ்வளவு வெப்பம் பயன்தரும். இவையே டீசலின் கருத்துகள். இவற்றிற்கு 1893ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜெர்மானிய அரசின் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டே தம் கொள்கையை ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

அறிஞருள் சிலர் அந்நூலைப் போற்றினர், சிலர் ஐயுற்றனர். ஐயத்திற்கு இடமும் இருந்தது. முதலில் அவர் கணக்கிட்ட அழுத்தம், இரும்பாலும் எஃகாலும் தாங்கலாகாத பேரழுத்தம். டீசல் தம் கணக்கைத் தாமே மீண்டும் ஆராய்ந்தார், பிழையை உணர்ந்தார், அழுத்தத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். எரிபொருள் எரியும் முறையைப் பற்றிய கருத்தையும் மாற்றிக்கொண்டார். பிறர் பிழை காண்டல் எளிது. அச்சேறிய தம் நூலிலேயே பிழை காண்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்நெஞ்சுரம் டீசலிடம் இருந்தது.

ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூஸ் அவருக்குத் துணைநின்றார். கிரூப் நிறுவனமும் பொருளுதவி செய்தது. தாம் பயின்ற நகரிலேயே தம் எந்திரத்தை உருவாக்கும் வாய்ப்பு டீசலுக்குக் கிட்டியது.

நான்காண்டுப் போராட்டம்

1893ஆம் ஆண்டு கோடையில் முதற்சோதனை எந்திரம் எழுந்து நின்றது. உயர்ந்த ஒற்றை உருளை. அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டன். எந்திரம் தானே இயங்காமையின், தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து வாரினால் அதனைச் சுழற்றினர். ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் எரிபொருள் உள்ளே செலுத்தப்பட்டது. மறுகணம் பேரோசை எழுந்தது. அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் உயிர் தப்பியது நற்பேறே.

காண்போர்க்கு அது தோல்வி. டீசலுக்கோ அது விடை. காற்றை அமுக்கியே தீ மூட்டலாம் என்பது அவ்வெடிப்பினால் உறுதியாயிற்று. ஆயினும் எந்திரம் தன் ஆற்றலால் ஒரு சுற்றும் சுழலவில்லை. எங்கே குறை? டீசல் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே ஆராய்ந்தார். பிஸ்டனின் ஓரமாகக் காற்று கசிந்தது. கசியவே, எண்ணிய அழுத்தம் ஏறவில்லை. உருளையைக் குளிர்விக்க நீர் இல்லை. எரிபொருளும் நுண்துளிகளாகச் சிதறவில்லை. இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் வரிசையாக எழுதினார். எந்திரத்தைப் பிரித்து, அடுத்த ஐந்து திங்களில் அதனைப் புதுக்கி அமைத்தார்.

1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் வந்தது. வழக்கம்போல் வாரினால் எந்திரத்தைச் சுழற்றினர். மேல்தளத்தில் நின்ற தொழிலாளி ஒருவர், வார் எதிர்ப்பக்கமாக இழுபடுவதைத் திடீரெனக் கண்டார். தொழிற்சாலை எந்திரத்தை இழுக்கவில்லை. எந்திரமே தொழிற்சாலையின் தண்டை இழுத்தது! அதன் பொருள் அவருக்கு நொடியில் விளங்கியது. ஒரு சொல்லும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றினார். அவ்வமைதியான வணக்கத்தைக் கண்ட பின்னரே தம் எந்திரம் உயிர் பெற்றதை டீசல் அறிந்தார். அது தானே இயங்கியது ஒரே நிமிடம். சுழன்றது 88 சுற்று.

அந்த ஒரு நிமிடத்தைப் பல மணி நேரமாக வளர்ப்பதற்கு மேலும் மூன்றாண்டுகள் வேண்டியிருந்தன. எரிபொருளைத் தூவுதலே பெருந்தொல்லையாயிற்று. மிக அமுக்கிய காற்றைக் கொண்டு எரிபொருளை உள்ளே ஊதும் முறை இறுதியில் பயன் தந்தது. ஒரு குறையைக் களைந்தால் மற்றொன்று தலைகாட்டியது. ஒரே வேளையில் இரண்டு உறுப்புகளை மாற்றினால், நன்மை எதனால் விளைந்தது என்பது தெரியாமற்போகும். ஆதலின் பொறுமையுடன் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

மூன்றாண்டு கழிந்து, 1897ஆம் ஆண்டு அதே பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள், மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் புதிய எந்திரத்தை முறைப்படி சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு பயனாக மாறியது எனக் கணக்கிட்டுக் கூறினார். மாணவப் பருவத்தில் குறித்துக்கொண்ட குறைக்கு இருபதாண்டுகட்குள் விடை கிடைத்தது. அத்துணைச் சிக்கனமான வெப்ப எந்திரத்தை உலகம் அதற்குமுன் கண்டதில்லை.

புகழும் இடரும்

செய்தி நாடெங்கும் பரவியது. பல நாட்டுத் தொழில் முதல்வர்கள் உரிமை பெற விரைந்தனர். அமெரிக்காவின் அடால்பஸ் புஷ் பத்து இலட்சம் மார்க்குகள் தந்து உரிமை பெற்றார். வறுமையில் வளர்ந்த டீசல் பெருஞ்செல்வர் ஆனார்.

ஆனால் இங்குதான் ஒரு பிழை நேர்ந்தது. அது எந்திரத்தின் பிழையன்று, மனிதரின் பிழை. சோதனைக்கூடத்தில் அறிஞர் சூழ இயங்கிய எந்திரம், தொழிற்சாலைகளில் நாள்தோறும் உழைக்கத்தக்க முதிர்ச்சியை எய்துமுன்னரே விற்பனைக்குச் சென்றது. வாங்கியோர் இடங்களில் அது அடிக்கடி நின்றது. எண்ணெய் ஊதும் பகுதி அடைத்துக்கொண்டது; காற்றமுக்கி பழுதுற்றது. சிலர் எந்திரத்தைத் திருப்பியே அனுப்பினர். டீசலைப் பழிப்போரும் காப்புரிமையை மறுத்து வழக்காடுவோரும் பெருகினர். இடையறா உழைப்பாலும் மனவேதனையாலும் அவர் உடல்நலம் குலைந்தது. 1898இல் மருத்துவ விடுதியில் தங்க நேர்ந்தது. குறைகளைக் களையும் பணியை ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் இமானுவேல் லௌஸ்டர் முதலிய பொறியாளர்கள் பொறுமையுடன் தொடர்ந்தனர். எந்திரம் மெல்ல மெல்ல நம்பத்தக்கதாயிற்று.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் எந்திரம் உயர்ந்த பரிசைப் பெற்றது. போரினால் துரத்தப்பட்ட சிறுவன் பிறந்த நகரிலேயே இப்பெருமை எய்தினார். அக்கண்காட்சியில் இவ்வகை எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயாலும் இயங்கிக் காட்டியது. நிலத்தில் விளையும் எண்ணெய் வித்துகளும் ஒருநாள் எந்திரங்களை இயக்கக்கூடும் என்று டீசல் நம்பினார். 1912இல் செலாந்தியா என்னும் டென்மார்க்குக் கப்பல் டீசல் எந்திரத்தின் துணையால் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றது. நீராவிக்கு மாற்று உண்டு என்பதை மாகடலும் ஒப்புக்கொண்டது.

எந்திரத்தின் குறைகளை நுணுகிக் கண்டவர் தம் வரவு செலவின் குறைகளைக் காணத் தவறினார். பொருத்தமற்ற முதலீடுகளில் செல்வம் கரைந்தது, கடன் சூழ்ந்தது. 1913ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலேறி இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். இரவு உணவு முடித்துத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாய்க் கிடந்தது. சில நாள் கழித்து அவருடைய உடல் கடலில் காணப்பட்டது. அவ்விரவில் நேர்ந்தது இன்னதென்று இன்றளவும் உறுதியாகத் தெரியவில்லை. அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தைந்து.

லாரியில் ஏறிய எந்திரம்

டீசல் மறைந்தார், டீசல் எந்திரம் வளர்ந்தது. காற்றமுக்கியைச் சுமந்த பழைய எந்திரம் லாரிக்கு ஏலாத அளவு பெரியது. புரோஸ்பர் லோராஞ்சு என்னும் பொறியாளர் உருளைக்கு முன்னே சிற்றறை ஒன்றை அமைத்து, அதனுள் எரிபொருள் முதலில் தீப்பற்றும் வழியைக் கண்டார். 1923இல் பென்ஸ் நிறுவனத்தின் லாரி அம்முறையில் ஓடியது. 1924இல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையும் டீசல் லாரியை வெளிக்கொணர்ந்தது. 1927இல் ராபர்ட் பாஷின் நிறுவனம் எரிபொருள் செலுத்தும் பம்புகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது.

ஆயினும் ஒரு புதுக்குறை எழுந்தது. சிற்றறையின் சுவர்கள் குளிர்ந்திருக்கும் வேளையில் அமுக்கிய காற்றின் வெப்பத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். எரிபொருள் தீப்பற்றாமல் ஆவியாகி, வெண்புகையாக வெளியேறும். இக்குறையைக் களைய வந்ததே ஹீட்டர் பிளக். மின்கலத்தின் ஆற்றலால் அதன் நுனி தணல்போல் ஒளிர்ந்து சிற்றறையைச் சூடாக்கும். எந்திரம் சூடேறியபின் அதற்கு வேலையில்லை. சிற்றறை இல்லாத பெரிய லாரி எந்திரங்கள் பலவற்றிற்கு இவ்வுறுப்பே இல்லை.

இச்சிற்றுறுப்பின் பழுதைக் கண்டறிவதிலும் டீசல் ஆக்ஸ்பர்க்கில் காட்டிய வழியே செவ்விய வழியாகும். குளிர்ந்த எந்திரம் கிளம்ப மறுத்து, சூடேறியபின் எளிதில் கிளம்புமாயின் ஹீட்டர் பிளக்கை ஐயுறலாம். சூடேறிய பின்னரும் மறுக்குமாயின் குறை பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. எந்திரம் மெல்லச் சுழன்றால் மின்கலத்தை நோக்க வேண்டும். பின்னர்ப் பிளக்கிற்கு மின்சாரம் வருகின்றதா எனச் சோதனை விளக்கினால் அறிதல் வேண்டும். வரவில்லையேல் உருகுகம்பியோ, மின்னோட்டத்தை முடுக்கும் ரிலேயோ, கம்பியோ பழுதுற்றிருக்கும். பிளக்கை மாற்றிப் பயனில்லை. மின்சாரம் வந்தால், ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் கழற்றி, பிளக்கின் மின்தடையைத் தனித்தனியே அளக்க வேண்டும். நல்ல பிளக்கின் தடை மிகச் சிறிதாகும். உள்ளிழை அறுந்த பிளக்கில் மின்சாரம் செல்லாது. பழைய எந்திரங்கள் சிலவற்றில் எல்லாப் பிளக்குகளும் ஒரே தொடரில் கோக்கப்பட்டிருக்கும். அங்கு ஒன்று அறுந்தால் அனைத்தும் குளிர்ந்துபோம்.

இத்துடன் ஆராய்ச்சி முடிந்ததன்று. கழற்றிய பிளக்கின் நுனி உருகியோ கருகியோ இருப்பின், எரிபொருளைத் தூவும் முனை பழுதுற்று எண்ணெயைச் சொட்டியிருக்கலாம். அதனை நோக்காது புதுப் பிளக்கை மட்டும் பொருத்துவோர்க்கு அதுவும் விரைவில் கருகும். காய்ச்சலை மட்டும் கண்டு காய்ச்சலின் காரணத்தைக் காணாத மருத்துவனை ஒப்பர் அவர். இக்காலத்து லாரிகளில் கணிப்பொறியே பழுதின் இடத்தைக் குறியீட்டால் உணர்த்துகின்றது. ஆயினும் குறியீடு சுட்டுவது இடத்தையே. காரணத்தை ஆராய்வது மனித அறிவின் கடமை.

டீசலின் எந்திரம் இன்றும் குறையற்றதன்று. அதன் புகை காற்றை மாசுபடுத்துகின்றது. அக்குறையைக் களையவும், மாற்று எரிபொருள் காணவும் அறிஞர் உழைத்து வருகின்றனர். கடலை எண்ணெயில் ஓடிய எந்திரத்தைக் கண்டு மகிழ்ந்த டீசலுக்கு இம்முயற்சி உவப்பே தரும்.

குறை கண்டு சினப்போர் பலர். குறையை மறைப்போரும் பலர். குறையைக் குருவாகக் கொண்டு அதனிடம் பாடம் கேட்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய் வெடித்த எந்திரத்தின் முன்னே குறிப்பேட்டுடன் நின்றமையாலேயே ருடால்ப் டீசல் வென்றார். குறை நீங்குமுன் எந்திரம் சந்தைக்கு விரைந்தமையால் துன்புற்றார். அவ்வெற்றியும் அத்துன்பமும் புகட்டும் பாடம் ஒன்றே. குளிர்ந்த காலையில் எழ மறுக்கும் எந்திரத்தின் எதிரே பொறுமையுடன் காரணத்தைத் தேடி நிற்கும் தொழிலாளி ஒவ்வொருவரும் அப்பாடத்தைக் கற்றவரே ஆவர்.